ஜமீன் மாளிகையிலிருந்து பாராளுமன்றம் வரை

1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முடிந்து டில்லிப் பாராளுமன்றம் கூடியபோது, சேலம் மாவட்டத்துச் சமவெளி இருவேறு காலத்தின் இருவேறு மனிதரை அங்கே அனுப்பி வைத்திருந்தது. திருச்செங்கோட்டின் பெயரால் சென்றவர் டாக்டர் ப. சுப்பராயன், வயது 67, குமாரமங்கலத்து ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர், காங்கிரஸ்காரர். நாமக்கல்லின் பெயரால் சென்றவர் ஈ.வெ.கி. சம்பத், வயது 31, ஈரோட்டுப் பாசறையிலே வளர்ந்து, திராவிட முன்னேற்றக் கழகத்தின் குரலாக அம்மன்றத்துள் நுழைந்த முதல் இருவருள் ஒருவர். மற்றொருவர் திருவண்ணாமலை தந்த இரா. தர்மலிங்கம்.

இளைஞரின் வரலாற்றை நம் தோழர்கள் ஓரளவு அறிவர். முதியவரின் வரலாற்றைத்தான் நாம் மறந்து விட்டோம். மறந்ததற்குக் காரணம் உண்டு. அவர் நம் இயக்கத்தவர் அல்லர். நம்மை எதிர்த்த அமைச்சரவையிலே அமர்ந்திருந்தவர். எனினும், இந்நாட்டிலே வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்த கதையை எழுதினால் அவர் பெயர் வருகிறது; கட்டாய இந்தி வந்த கதையை எழுதினாலும் அவர் பெயர் வருகிறது; இந்தி ஆதிக்கத்துக்கு டில்லியிலேயே மறுப்பு எழுந்த கதையை எழுதினால், மீண்டும் அவர் பெயரே வருகிறது! ஒரே மனிதர்; மூன்று கட்டம்; மூன்று நிலை. இது எங்ஙனம் நேர்ந்தது? பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனெனில், மன்றங்களுக்கு நாம் ஆட்களை அனுப்பிக் கொண்டே இருக்கிறோம். அனுப்பப்பட்டவர் எதனால் அசைகிறார், எதனால் அசையாதிருக்கிறார் என்பதை அறியாமல் அனுப்புவது, விதையைப் பாராமல் விதைப்பது போன்றது.

சுப்பராயன் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் அவர்தம் ஜமீன். சென்னையிலே கல்லூரிப் படிப்பு. பின்னர்க் கடல் கடந்து ஆக்ஸ்போர்டு சென்று உயர்படிப்பு. மானாவாரிச் சோளமும் கம்பும் நம்பி வானத்தைப் பார்த்து வாழ்ந்த குடியானவர் நடுவே, மாளிகையிலே பிறந்து ஆங்கிலத்திலே சிந்திக்கக் கற்றவர் அவர். இந்த இடைவெளியை மனத்திலே இருத்திக் கொண்டுதான் அவர் வரலாற்றை நாம் படித்தல் வேண்டும்.

அவர் வாழ்விலே நம் இயக்கம் பாராட்டத்தக்க முதற் செயல், மன்றத்திலே நிகழவில்லை, மணப்பந்தலிலே நிகழ்ந்தது. கொங்கு வேளாளக் குடியிலே பிறந்த அவர், மங்களூரைச் சேர்ந்த சாரசுவதப் பார்ப்பனக் குடும்பத்துப் பெண்ணான ராதாபாயை மணந்தார். ராதாபாயின் தந்தையார் குத்மல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காகப் பள்ளிகள் நடத்தி, தம் சாதியாரின் பகையைத் தேடிக் கொண்ட சீர்திருத்தக்காரர். சாதி கடந்த மணம் என்றால் ஊரே நடுங்கிய காலம் அது. சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு முன்னைய காலம். அந்த ராதாபாய் அம்மையார் பிற்காலத்தில் இலண்டன் வட்ட மேசை மாநாட்டிலே பெண்களுக்காகப் பேசினார். 1938இல் மத்திய சட்டமன்றத்தின் மேலவைக்குச் சென்ற முதற் பெண்மணியும் அவரே. சாதியை மீறிய இல்லம் எத்தகைய பெண்மையை வெளிக்கொணரும் என்பதற்கு இது சான்று. ஆனால், ஜமீன் மாளிகை சாதியை மீறினால் ஊர் முணுமுணுக்கும். குடியானவன் மீறினால் ஊர் விலக்கி வைக்கும். இந்த வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தார். அன்றைய மன்றம் எத்தகையது? சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்குமே வாக்கு. ஆட்சியும் முழு ஆட்சியன்று, இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், தல ஆட்சி, பதிவுத் துறை போன்றவை அமைச்சர் கையில். பணமும் போலீசும் ஆளுநர் கையில். பெட்டியை ஒருவரிடமும் சாவியை மற்றொருவரிடமும் கொடுத்து வைத்த ஏற்பாடு.

1926ஆம் ஆண்டுத் தேர்தலிலே சுயராச்சியக் கட்சி மிகுந்த இடங்களைப் பெற்றது. பெற்றும் பதவி ஏற்க மறுத்தது. நீதிக் கட்சியும் பதவியை ஏற்கவில்லை. ஆளுநர் கோஷன் பிரபு, எக்கட்சியையும் சாராத சுப்பராயனை அழைத்தார். நியமன உறுப்பினர்களின் துணைகொண்டு, அவ்வாண்டு டிசம்பரிலே சுப்பராயன் முதல் அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 37. கட்சியின் அடித்தளம் இல்லை; மக்கள் இயக்கத்தின் பின்னணி இல்லை. ஒருபுறம் சுயராச்சியக் கட்சியின் தாக்குதல். மறுபுறம் நீதிக் கட்சியின் ஐயப்பார்வை. ஊன்றுகோலின்றி நடந்த அமைச்சரவை அது.

1928ஆம் ஆண்டு சைமன் குழுவைப் புறக்கணிப்பதா, வரவேற்பதா என்ற கேள்வியிலே அந்த அமைச்சரவை பிளந்தது. உடன் அமைச்சர்களான அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினர். சுப்பராயன் நிலைத்தார். நிலைப்பதற்குத் துணை வேண்டுமே! நீதிக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. புதிய அமைச்சர்களாக எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் வந்தனர்.

இந்த இடத்திலேதான் வரலாறு திரும்புகிறது. வகுப்புவாரி ஆணை 1921இலேயே நீதிக் கட்சி ஆட்சியில் பிறந்துவிட்டது. ஆனால் ஏட்டிலே பிறந்து ஏட்டிலேயே உறங்கியது. முத்தையா முதலியார் அதனைத் தட்டி எழுப்பித் தம் துறையிலே செயல்படுத்தினார்; 1928இல் அது உறுதியான வடிவம் பெற்றது. பன்னிரண்டு இடங்கள் என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர்களும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்த பிரிவுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதுவே கணக்கு. கூட்டிப் பாருங்கள்; பன்னிரண்டு வரும். மக்கள்தொகையிலே மிகச் சிறுபான்மையான பார்ப்பனருக்கும் ஆறில் ஒரு பங்கு! இதனையே அநீதி என்று அலறினர். பெரியார் முத்தையா முதலியாரை மனமாரப் போற்றினார். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வையுங்கள் என்னும் அளவுக்குப் போற்றினார்.

முதல் அமைச்சர் சுப்பராயனுக்கு இதில் என்ன பங்கு? ஆணையின் ஆசிரியர் அவர் அல்லர். ஆனால் அந்த அமைச்சரவையின் தலைவர் அவர். தம் பதவி நிலைக்க யார் துணை வேண்டுமோ, அவர்தம் கொள்கைக்கு இடம் கொடுத்தார். இதனைச் சூழ்ச்சி என்று இகழ்வோரும் உண்டு. சாதுரியம் என்று புகழ்வோரும் உண்டு. நாம் இரண்டும் சொல்லோம். சட்டமன்றத்திற்கு வெளியே சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராக முழங்கிக் கொண்டிருந்தது. அந்த முழக்கம் உள்ளே எண்ணிக்கையாக மாறியது. எண்ணிக்கை ஆணையாக மாறியது. இதுதான் இயக்கம் மன்றத்தை இயக்கும் முறை.

1930இல் நீதிக் கட்சி மீண்டும் வென்றது. சுப்பராயன் பதவி இழந்தார். பதவி இழந்த பின் அவர் சும்மா இருந்தாரில்லை. 1932ஆம் ஆண்டின் இறுதியிலே, தாழ்த்தப்பட்டோர் கோயிலுள் நுழையும் உரிமைக்காகச் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொணர்ந்தார், அது நிறைவேறியது. அதற்கெனச் சட்ட முன்வடிவும் ஆயத்தம் செய்தார். அதற்கு இசைவு தர இயலாது என்று 1933 சனவரியில் வைசிராய் மறுத்துவிட்டார். மதத்தில் தலையிடோம் என்பது வெள்ளையர் வழக்கமாகச் சொன்ன சாக்கு. வரி வாங்கத் தலையிடுவர். வாய்ப்பூட்டுப் போடத் தலையிடுவர். மனிதனை மனிதன் தீண்டக் கூடாது என்னும் கொடுமையைத் தொடத்தான் தலையிட மாட்டார்கள்!

பின்னர்ச் சுப்பராயன் காங்கிரசிலே சேர்ந்தார். 1937இல் ஆச்சாரியார் முதல் அமைச்சரானபோது, சட்டமும் கல்வியும் சுப்பராயனிடம் தரப்பட்டன. அந்த அமைச்சரவை சேலம் மாவட்டத்திலேதான் 1937 அக்டோபர் 1ஆம் நாள் முதன்முதலாக மதுவிலக்கைக் கொணர்ந்தது. நன்று, உழைப்பாளியின் கூலி கள்ளுக்கடையிலே கரையாமல் வீடு வந்து சேர வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் 1938 ஏப்ரலில் அதே அமைச்சரவை மற்றொரு ஆணை பிறப்பித்தது. 125 பள்ளிகளிலே இந்தி கட்டாயப் பாடம்! திட்டம் ஆச்சாரியாருடையது, துறை சுப்பராயனுடையது.

அதன் பின் நிகழ்ந்தவை நம் நெஞ்சிலே எழுதப்பட்டவை. மறியல், ஊர்வலம், சிறை. சிறை புகுந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் உண்டு. 1939 சனவரியில் நடராசன், மார்ச்சில் தாளமுத்து என இரு இளைஞர்கள் சிறைவாசத்திற்கு இரையாகி உயிர் நீத்தனர். 1938 நவம்பரில் சென்னையிலே கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்னும் பெயரைத் தந்தது. 1939 அக்டோபரிலே காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியிலே கட்டாய இந்தி ஆணையை ஆளுநர் எர்ஸ்கின் நீக்கினார்.

இந்த இரண்டாண்டுக் காலத்திலே கல்வி அமைச்சராக இருந்தவர் பதவியை உதறவில்லை. பத்தாண்டுக்கு முன் வகுப்புவாரி ஆணைக்கு இடம் கொடுத்தவர், இப்போது இந்திக்கு இடம் கொடுத்தார். முன்னர், அவருக்குத் துணை வேண்டியிருந்த இடம் நீதிக் கட்சி, இப்போது, ஆச்சாரியார். சார்ந்ததன் வண்ணம் ஆதல் என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தானோ?

சுப்பராயன் தடித்த தோலுடையவராகவே இருந்திருந்தால், கதை இங்கே முடிந்திருக்கும்; நாமும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஆனால் கதை முடியவில்லை. 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலே அவர் இடம் பெற்றார். தேவதாசி முறைக்கு முடிவு கட்டிய சட்டம் நிறைவேறியது அந்த ஆட்சியிலேதான். அரசியல் நிர்ணய சபை, இந்தோனேசியாவிலே தூதர் பதவி, பின்னர் மாநிலங்கள் அவை என்று அவர் பயணம் நீண்டது.

1955ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆட்சிமொழிக் குழு அமைக்கப்பட்டது. அதன் பின்னணியைச் சிறிது விளக்குவோம். 1950 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கே ஆங்கிலம்; 1965இல் இந்தி அரியணை ஏறும் என்பது அரசியல் சட்டத்தின் ஏற்பாடு. அதற்கு வழி வகுக்க, ஐந்தாண்டு கழிந்ததும் ஒரு குழு அமைத்தல் வேண்டும் என்று சட்டமே விதித்தது. அதன்படி பி.ஜி. கேர் தலைமையிலே குழு அமைந்தது. நாட்டின் பல மொழியினரும் அதில் உறுப்பினர். தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்தவர் சுப்பராயன். 1956இல் அறிக்கை வந்தது. பெரும்பான்மையினர் இந்திக்குப் பாதை போட்டனர். இருவர் மட்டும் உரத்து மறுத்தனர். ஒருவர் வங்கத்து மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி. மற்றொருவர் நம் சுப்பராயன்!

பிறந்த மொழியின் காரணமாகவே ஒரு கூட்டம் முதல்தரக் குடிமக்களாகவும், மற்றோர் இரண்டாந்தரக் குடிமக்களாகவும் ஆக்கப்படுவர் என்று சட்டர்ஜி எச்சரித்தார். அவசரப்படுதல் ஆகாது, இந்தி பேசாதார் மீது இந்தியைச் சுமத்துதல் ஆகாது, ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்பது சுப்பராயனின் நிலையாயிற்று. 1938இல் சிறை சென்றோர் எதனைச் சொன்னார்களோ, அதன் சாரத்தை, 1938இன் கல்வி அமைச்சரே 1956இல் எழுத்திலே பதித்தார்.

மனமாற்றமா? இருக்கலாம். முதுமை தந்த தெளிவா? அதுவும் இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. 1938க்கும் 1956க்கும் இடையிலே தமிழ்நாடு மாறியிருந்தது. 1944 ஆகஸ்டில் இதே சேலத்திலேதான் நீதிக் கட்சி சீமான்களின் சட்டையைக் கழற்றி எறிந்து திராவிடர் கழகமாயிற்று. 1949இல் தி.மு. கழகம் பிறந்தது. 1952 முதல் வாக்குரிமை வயது வந்தோர் அனைவர்க்கும் உரியதாயிற்று. ஜமீன்தாரின் வாக்குக்கும் அவர் நிலத்திலே ஏர் பிடித்தவன் வாக்குக்கும் ஒரே எடை! சென்னையிலே 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் அமைச்சரவையே நிறைவேற்றியது. காற்று திசை மாறினால் கொடிக்கம்பத்தின் உச்சியிலே இருக்கும் துணிதானே முதலில் அசையும்!

ஆயினும் அவர் மறுப்பின் எல்லையையும் நாம் காண வேண்டும். ஆங்கிலம் காக்கப்பட்டால் டில்லியிலே தமிழ் இளைஞனுக்கு வேலைக் கதவு அடைபடாது, உண்மை. ஆனால் ஆங்கிலமும் அறியாத, இந்தியும் அறியாத, திருச்செங்கோட்டுத் தறியிலே கால் வைத்து நிற்கும் நெசவாளிக்கு எந்த மொழியிலே ஆட்சி? அந்தக் கேள்விக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து விடை வராது. அது தமிழ் பேசும் தெருவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

1957இல் திருச்செங்கோடு அவரை மக்களவைக்கு அனுப்பியது. அதே மக்களவையிலே கம்யூனிஸ்ட் வரிசையில் கோவையின் உறுப்பினராக அமர்ந்தவர் அவர் மகள் பார்வதி கிருஷ்ணன்! ஒரு மகன் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைக்கே தலைவரானார். மற்றொரு மகன் மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமை வழி சென்று, பின்னாளில் மத்திய அமைச்சராகி, 1973இல் விமான விபத்திலே மாண்டார். தந்தை சொல்லே மந்திரம் என்று பிள்ளைகளை அடக்காத இல்லம் அது. இதனை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். மோகனின் மகன் ரங்கராஜனும் 1984 முதல் சேலத்தின் உறுப்பினராய்ப் பாராளுமன்றம் சென்றார். ஜமீன் ஒழிந்தது, ஆனால் மாளிகையிலிருந்து மன்றத்துக்குப் போடப்பட்ட பாதை உடனே ஒழிந்துவிடவில்லை என்பதையும் கணக்கிலே வைப்போம்.

1959இல் சுப்பராயன் போக்குவரத்து, தந்தி, தபால் துறைகளின் மத்திய அமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு மக்களவையிலே உறுதிமொழி தந்தார். ஆனால் 1960 ஏப்ரல் 27இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. மத்திய அலுவலர் இந்தி பயில வேண்டும் என்றது. தமிழகம் கொதித்தது, கழகம் கறுப்புக் கொடிக்கு ஆயத்தமாயிற்று. அமைச்சராக இருந்த சுப்பராயன் பதவியிலேயே இருந்தார். நேருவிடமிருந்து எழுத்து மூலம் உறுதிமொழியைப் பெற்றவர் அண்டைத் தொகுதியின் இளைஞர் சம்பத். தம் வாக்கு மாறவில்லை என்று 1960 ஆகஸ்டு 3ஆம் நாளிட்டு நேரு எழுதிய கடிதம் சம்பத்தின் பெயருக்கே வந்தது.

ஏன் அவருக்கு வந்தது? அறிவிலே சுப்பராயன் குறைந்தவரா? இல்லை. அனுபவத்திலே? சம்பத்தின் வயதைவிட நீண்டது அவருடைய சட்டமன்ற, பாராளுமன்ற அனுபவம்! ஆனால் மறுப்புக் குறிப்பு எழுதியவரின் பின்னே ஒரு பேனாதான் இருந்தது. கேள்வி கேட்டவரின் பின்னே ஒரு நாடே இருந்தது. அந்தச் சம்பத்தும் 1961இல் கழகத்தை விட்டு விலகித் தனிக்கட்சி கண்டார், 1962இல் தோற்றார், பின்னர்க் காங்கிரசிலே கரைந்தார். ஆற்றல் அவரை விட்டுப் போய்விடவில்லை. அந்த ஆற்றலைத் தாங்கிய அலைதான் அவரை விட்டுப் போயிற்று.

1962 தேர்தலிலும் திருச்செங்கோட்டிலே வென்ற சுப்பராயன், மராட்டிய மாநில ஆளுநராக அனுப்பப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலிலே கழகத்தின் எஸ். கந்தப்பன் வென்றார், 1967இல் அதே தொகுதி பேராசிரியர் க. அன்பழகனை அனுப்பியது. ஜமீன் கோட்டை, வாக்குச் சீட்டினால் மக்கள் கோட்டையாயிற்று. 2008ஆம் ஆண்டு மறுவரையறையிலே திருச்செங்கோடு என்னும் பாராளுமன்றத் தொகுதியே மறைந்தது. 1962க்குப் பின் மறைந்திருந்த நாமக்கல் தொகுதி 2009இல் மீண்டும் தோன்றியது. தொகுதிகள் மறையும், தோன்றும். எல்லைக்கோடுகள் மாறும். அனுப்பும் மக்களின் பொறுப்பு மாறுவதில்லை.

தோழர்களே! சுப்பராயனைத் தூற்ற நாம் இதனை எழுதவில்லை. சாதி கடந்து மணந்தவர். கோயில் கதவைத் திறக்க முயன்றவர். இந்தி ஆதிக்கத்தைத் தனித்து நின்று மறுத்தவர். இவை மூன்றுக்கும் நம் நன்றி உரியது. போற்றிப் பூசை செய்யவும் எழுதவில்லை. 1938இன் கல்வி அமைச்சர் யார் என்பதை நடராசனும் தாளமுத்தும் நமக்கு மறக்க விடமாட்டார்கள். மனிதரைத் தெய்வமாக்குவதும் மூடநம்பிக்கை, பேயாக்குவதும் மூடநம்பிக்கை.

இன்று நம் ஊரிலிருந்து மன்றம் செல்பவர் நம் கொடியையே பிடித்துச் செல்லலாம். நம் முழக்கத்தையே முழங்கிச் செல்லலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாலையிட்டு அனுப்பிவிட்டு, உறங்கப் போவோமாயின், அவர் எதனைச் சார்ந்து நிற்பார்? டில்லியின் வசதியைச் சார்ந்து நிற்பார். தெரு விழித்திருந்தபோது, கட்சியில்லாத முதல் அமைச்சரின் கீழும் வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. தெருவின் குரலுக்குச் செவி சாய்க்காத ஆட்சியிலே, படித்த பண்பாளரின் துறையிலிருந்தும் கட்டாய இந்தி வந்தது. அந்தத் தெரு ஓயாமல் இரண்டு தலைமுறை பேசியபோது, அதே பண்பாளரின் பேனாவும் மறுப்பு எழுதிற்று.

ஆகவே, உங்கள் தொகுதியின் உறுப்பினர் மன்றத்திலே என்ன கேட்டார், எதற்கு வாக்களித்தார், எப்போது வாய் மூடி இருந்தார் என்பதை ஏட்டிலே குறித்து வையுங்கள். படிப்பகத்திலே அதனைப் படித்துக் காட்டுங்கள். கூட்டத்திலே அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். நாம் அனுப்பியவரை நாமே கேள்வி கேட்பது பகைமை ஆகாது. அதுவே அவருக்கு நாம் தரும் ஊன்றுகோல்.